ஒரு வரி பதில் போதும், சார்

அந்த ஸ்கிரீன்ஷாட்டை இதற்குள் எல்லோரும் பார்த்திருப்பீர்கள். நான் அதைத் திரும்பப் பகிரப் போவதில்லை. உளவியலில் பிஎச்.டி. சேர ஆசைப்பட்டு ஒரு பெண் ஒரு பேராசிரியருக்கு எழுதிய மெயில் அது. பெயரை மட்டும் மறைத்து, மீதியை அப்படியே போட்டு, ஆய்வுக்கு வருபவர்களின் தரத்தைப் பாருங்கள் என்று மேலே ஒரு வரியும் எழுதியிருக்கிறார் அந்தப் பேராசிரியர். சிரித்தவர்களில் என் நட்பு வட்டத்தில் இருப்பவர்கள் பதினோரு பேர். அதனால்தான் எழுதுகிறேன்.

அவள் செய்த தப்பு என்ன? பள்ளிக்கூடத்தில் லீவ் லெட்டர் எழுதக் கற்றுக்கொடுத்த அதே ஆங்கிலத்தில், பணிவுடன் வேண்டிக்கொள்கிறேன் என்று ஆரம்பித்திருக்கிறாள். அப்புறம், பிஎச்.டி. முடித்து மனநோயாளிகளுக்குச் சிகிச்சை கொடுப்பேன் என்றும் எழுதிவிட்டாள். எல்லோரும் சிரித்தது இந்த வரிக்குத்தான்.

சரி, அது தவறான புரிதல்தான். பிஎச்.டி. என்பது ஆய்வுப் பட்டம். கிளினிக்கல் சைக்காலஜிஸ்டாக வேலை பார்க்க இந்திய மறுவாழ்வு கவுன்சில் அங்கீகரித்த படிப்பை முடித்து அங்கே பதிவு செய்ய வேண்டும். மருந்து எழுத வேண்டுமென்றால் எம்பிபிஎஸ் படித்து, அதற்கு மேல் மனநல மருத்துவம் படிக்க வேண்டும். இதைச் சொல்லி முடிக்க எனக்கு மூன்று வரி ஆனது. அவளுக்கு அந்த மூன்று வரியைப் பதிலாக அனுப்பியிருக்கலாம். ஒரு வரிகூடப் போதும். ‘இடமில்லை’ என்று எழுதியிருந்தால் அதோடு முடிந்திருக்கும்.

அந்த மெயிலில் அவள் ஊர் குமரி மாவட்டம் என்று இருக்கிறது. அதைப் பார்த்ததும் எனக்கு 2019 ஞாபகம் வந்துவிட்டது.

அப்பா குலசேகரம் பக்கம் ரப்பர் பால்வெட்டுக்குப் போகிறவர். மழை பெய்தால் வெட்டு கிடையாது, வெட்டு இல்லாவிட்டால் கூலி கிடையாது. நான் எம்.எஸ்சி. சைக்காலஜி படித்தது தொலைதூரக் கல்வியில். ஆய்வுக்கு வழிகாட்டும் கைடுக்கு எப்படி எழுத வேண்டும், ஆய்வுத் திட்டமான ப்ரோபோசல் என்றால் என்ன, யாரிடம் இடம் காலி இருக்கிறது, எதுவுமே தெரியாது. வீட்டில் ஃபோனில் சிக்னல் கிடைக்கும் ஒரே இடம் திண்ணை. அங்கே உட்கார்ந்து 23 பேருக்கு மெயில் அனுப்பினேன். தினமும் சாயங்காலம் அம்மா கேட்பாள், “மக்களே, பதில் வந்துதா?” இரண்டு பேர்தான் பதில் எழுதினார்கள். மற்ற 21 பேரைக் குறை சொல்லவில்லை, வேலை இருந்திருக்கும். ஆனால் அவர்களில் யாரும் என் மெயிலை ஊர் முன்னால் விரித்துக் காட்டவில்லை. அப்படிக் காட்டியிருந்தால் இன்று என் பெயருக்கு முன்னால் முனைவர் என்று இருந்திருக்காது. என் மெயில் அந்தப் பெண்ணுடையதைவிட மோசம். நானும் ‘பணிவுடன் வேண்டிக்கொள்கிறேன்’ என்றுதான் தொடங்கியிருந்தேன்.

பேராசிரியருக்கு ஒரு நாளைக்கு எத்தனை மெயில் வரும் தெரியுமா என்று கேட்பீர்கள். தெரியும். பல்கலைக்கழக மானியக் குழுவான யுஜிசியின் 2022 விதிமுறைப்படி ஒரு பேராசிரியர் ஒரே நேரத்தில் பிஎச்.டி.க்கு 8 பேருக்கு மேல் எடுக்க முடியாது. இணைப் பேராசிரியருக்கு 6, உதவிப் பேராசிரியருக்கு 4. இடம் நிரம்பியிருந்தால் எத்தனை பேர் கேட்டாலும் ஒரே பதில்தானே? ஒருமுறை எழுதி வைத்துக்கொண்டு எல்லோருக்கும் அதையே அனுப்பலாமே? ஸ்கிரீன்ஷாட் எடுத்து, பெயரை மறைத்து, தலைப்பு எழுதிப் போடுவதற்கு அதைவிட அதிக நேரம் ஆகியிருக்கும்.

பெயரைத்தான் மறைத்துவிட்டாரே என்று ஒரு நண்பர் இன்பாக்ஸில் வந்து சொன்னார். எழுதியவளுக்குத் தெரியாதா அது யாருடைய மெயில் என்று? ஒருவர் நம்பிச் சொன்னதை அவர் சம்மதமில்லாமல் வெளியே சொல்லக் கூடாது என்பதுதான் எங்கள் துறையில் முதலில் கற்றுக்கொடுக்கும் பாடம். பிஎச்.டி. சேர்ந்ததும் படிக்கும் கோர்ஸ் வொர்க்கில் ஆய்வு நெறிமுறை என்று உட்கார வைத்து நடத்துகிறார்கள். நடத்துகிறவர்களுக்கு அது பொருந்தாதா?

பிஎச்.டி.க்கு வருபவளுக்கு ஆங்கிலம் வேண்டாமா என்பது இன்னொரு கேள்வி. வேண்டும். ஆனால் தேசியத் தகுதித் தேர்வான நெட்டில் சைக்காலஜி வினாத்தாள் ஆங்கிலத்திலும் இந்தியிலும்தான் வருகிறது. 2024 ஜூன் தேர்விலிருந்து அந்த நெட் மதிப்பெண்ணை வைத்தே பிஎச்.டி. சேர்க்கை நடத்தலாம் என்று ஆகிவிட்டது. அதற்கு 70 சதவீதம், நேர்காணலுக்கு 30. அந்த ஜூன் 18 தேர்வையே மறுநாள் ரத்து செய்து, ஆகஸ்டில் திரும்ப நடத்தத் தொடங்கினார்கள். தமிழில் படித்து வந்த பிள்ளைகள் இத்தனையையும் தாண்டித்தான் உங்கள் இன்பாக்ஸுக்கு வருகிறார்கள்.

எனக்கு வந்த இரண்டு பதிலில் ஒன்றைச் சொல்ல வேண்டும். 2017 நவம்பர் 30, ஓக்கி புயல். என்னோடு படித்தவள் ஒருத்தி சின்னத்துறை என்ற மீனவ ஊர்க்காரி. கடலுக்குப் போன அவள் அண்ணன் திரும்பி வரவில்லை, உடலும் கிடைக்கவில்லை. இரண்டு வருஷம் கழித்தும் அவள் அம்மா ராத்திரியில் கதவைத் தாழிடுவதில்லை. எனக்கு அதைப் பற்றித்தான் ஆய்வு செய்ய வேண்டும் என்றிருந்தது. அதற்கு என்ன பெயர் என்று தெரியாமல், அந்தக் கதவைப் பற்றி எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் நீளமாக எழுதி அனுப்பினேன். முன்பின் தெரியாத ஒரு மேடம் பதில் போட்டார்: “என்னிடம் இடமில்லை. பாலின் பாஸ் எழுதியதைத் தேடிப் படியுங்கள்.” அவ்வளவுதான். தேடினேன். வியட்நாம் போரில் காணாமல் போன விமானிகளின் குடும்பங்களை ஆராய்ந்தவர் அவர். ஆள் இருக்கிறாரா இல்லையா என்றே தெரியாமல் தவிக்கும் நிலைக்கு ‘தெளிவற்ற இழப்பு’ என்ற பொருளில் பெயர் வைத்தவர். திண்ணையில் உட்கார்ந்து அதைப் படித்தபோது அழுதுவிட்டேன். என் ப்ரோபோசல் அங்கிருந்துதான் ஆரம்பித்தது.

நேர்காணலில் ஒருவர், கடலோரப் பெண்கள் அழுவதில் என்ன ஆராய்ச்சி இருக்கிறது என்று கேட்டார். பக்கத்தில் இருந்தவர்கள் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு இன்னும் காதில் இருக்கிறது. நேற்று அந்தப் பதிவின் கீழே இருந்த சிரிப்பு முகங்களைப் பார்த்தபோது அதே சத்தம்தான் கேட்டது. மனசைப் படிக்க வந்தவர்கள் நாம். எதிரே உட்கார்ந்திருப்பவளின் மனசு மட்டும் ஏன் கண்ணில் படுவதில்லை?

சார், அந்தப் பதிவை எடுத்துவிடுங்கள். மன்னிப்புகூடக் கேட்க வேண்டாம். அவளுக்கு ஒரு வரி பதில் அனுப்புங்கள், போதும்.

அந்தப் பெண்ணே, இது உன் கண்ணில் பட்டால் எனக்கு எழுது, எந்த ஆங்கிலத்திலும் எழுது, தமிழிலும் எழுது. பிஎச்.டி. சேர்க்கைக்கு நெட் மதிப்பெண் ஒரு வருஷம்தான் செல்லும், அதனால் நாளைக் கடத்தாதே. சனிக்கிழமை மத்தியானத்துக்கு மேல் நான் நாகர்கோவிலில்தான் இருப்பேன். அந்த மெயிலையும் கொண்டு வா, உட்கார்ந்து திருத்துவோம்.