புதிய மரபணு கிடைத்துவிட்டால் போதுமா?

இன்று புழக்கத்தில் உள்ள பூச்சிக்கொல்லிகளில் பெரும்பாலானவை பூச்சியின் நரம்பு மண்டலத்தில் உள்ள விரல்விட்டு எண்ணத்தக்க சில புரதங்களையே தாக்குகின்றன. டிடிடியும் பைரித்ராய்டுகளும் வேதியியல் அமைப்பில் வேறுபட்டவை என்றாலும், இரண்டும் சென்று பற்றுவது நரம்புச் செல்லுக்குள் சோடியம் அயனிகளை விடும் புரதமான சோடியம் வாயிலைத்தான். ஆகவே அந்த வாயிலுக்கான மரபணுவில் நேர்ந்த ஒரே மாற்றம் வீட்டு ஈயை இரண்டிடமிருந்தும் காத்தது. அமெரிக்க உருளைக்கிழங்கு வயல்களை அழிக்கும் கொலராடோ வண்டு 50க்கும் மேற்பட்ட நச்சு மூலப்பொருள்களுக்குத் தாக்குப்பிடிக்கிறது. ஆகவே புதிய இலக்குகள், அதாவது முடக்கினால் பூச்சி சாகக்கூடிய புதிய மரபணுக்கள், வேண்டும் என்பதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை.

தேடலும் குறைவில்லாமல் நடக்கிறது. தானியக் கிடங்குகளில் காணும் சிவப்பு மாவு வண்டில் ஆயிரக்கணக்கான மரபணுக்களை, அந்தந்த மரபணுவுக்குப் பொருந்தும் வரிசை கொண்ட ஈரிழை ஆர்என்ஏ என்னும் மூலக்கூறைச் செலுத்தி ஒவ்வொன்றாக முடக்கிப் பார்த்தபோது, பழுதான புரதங்களைச் சிதைக்கும் புரோட்டியசோம் தொடர்பான மரபணுக்கள் உயிருக்கு இன்றியமையாதவையாக முன்னிலையில் நின்றன. 2023 டிசம்பரில் அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை பதிவு வழங்கிய லெட்புரோனா என்ற தெளிப்பு மருந்து, கொலராடோ வண்டின் புரோட்டியசோம் மரபணு ஒன்றையே முடக்குகிறது. இலையோடு தின்னப்பட்ட ஈரிழை ஆர்என்ஏ குடல் செல்லுக்குள் புகுந்து, சிறு துண்டுகளாக வெட்டப்பட்டு, அம்மரபணுவின் கட்டளையைப் புரதமாக்க எடுத்துச்செல்லும் தூது ஆர்என்ஏவை அழிக்கிறது. குறிப்பிட்ட பூச்சிக்கே பொருந்தும் வரிசையைத் தேர்ந்தெடுக்கலாம் என்பதால் தேனீ முதலிய பிற பூச்சிகள் தப்பும் வாய்ப்பு அதிகம். இதன் பெருமை அதுவே.

எனக்குள்ள ஐயம் மரபணுவைப் பற்றியதன்று, அதை எட்டும் வழியைப் பற்றியது. வேர்ப்புழுவின் ஸ்னஃப்7 என்ற மரபணுவை முடக்கும் ஈரிழை ஆர்என்ஏவைத் தானே உருவாக்கும்படி மரபணு மாற்றப்பட்ட மக்காச்சோளத்தை உண்டும் பிழைக்கும் வேர்ப்புழுக்களை ஆய்வாளர்கள் தேர்ந்து வளர்த்து, 2018இல் முடிவுகளை வெளியிட்டனர். அப்புழுக்களின் குடல் செல்கள் ஈரிழை ஆர்என்ஏவை உள்வாங்கவே மறுத்தன; விளைவாக வேறு மரபணுக்களைக் குறிவைத்த ஈரிழை ஆர்என்ஏக்களும் அவற்றிடம் பலிக்கவில்லை. நூறு இலக்குகளைக் கண்டுபிடித்தாலும் அனைத்தும் ஒரே வாசல் வழியாக நுழைய வேண்டியிருந்தால், பூச்சி அந்த ஒரு வாசலை அடைத்துக்கொண்டால் போதும்.

நம் விவசாயிகளை வாட்டும் படைப்புழுவும் இளஞ்சிவப்புக் காய்ப்புழுவும் அந்துப்பூச்சி இனத்தவை. இவ்வினப் புழுக்களின் குடல் நொதிகள் ஈரிழை ஆர்என்ஏவைப் பெரும்பாலும் சிதைத்துவிடுகின்றன. வண்டில் கிட்டிய வெற்றியை அப்படியே இவற்றுக்கும் பொருத்தி எழுதுவோர் இதைச் சொல்வதே இல்லை.

இலக்கு மரபணுக்களைத் தேடச் செலவாகும் உழைப்பில் ஒரு கணிசமான பங்கு, உள்வாங்கலுக்குக் காரணமான மரபணுக்களையும் குடல் நொதிகளையும் ஆராய்வதற்குத் திருப்பப்பட வேண்டும். அதுவரை இத்தகைய மருந்துகளை வேறு வகையில் செயல்படும் மருந்துகளோடு மாற்றி மாற்றித் தெளிக்க வேண்டும் என்பதைப் பரிந்துரையாக விடாமல், பதிவு வழங்கும்போதே நிபந்தனையாக விதிக்க வேண்டும்.