கருவுற்றதும் மனச்சோர்வு மாத்திரையை நிறுத்த வேண்டுமா?

“கருவுற்றது தெரிந்த அன்றே மனச்சோர்வு மாத்திரையை நிறுத்துங்கள், இல்லையேல் குழந்தை ஊனத்துடன் பிறக்கும்” என்று வாட்ஸ்அப்பில் சுற்றும் செய்தி தவறானது, ஆபத்தானதும்கூட.

செர்ட்ராலின் போன்ற மனச்சோர்வு மருந்துகளை உட்கொண்ட ஆயிரக்கணக்கான கர்ப்பிணிகளை ஆராய்ந்தபோது, பெரிய பிறவிக் குறைபாடுகள் குறிப்பிடத்தக்க அளவில் கூடியதாகத் தெரியவில்லை. பிறந்த முதல் சில நாள்களில் சில குழந்தைகளுக்கு நடுக்கமோ பால் குடிப்பதில் சுணக்கமோ இருக்கலாம். பெரும்பாலும் அது தானே சரியாகிவிடும். கருவுக்கு உண்மையிலேயே தீங்கு செய்வது வால்ப்ரோயேட்; ஆனால் அது வலிப்புக்கும் இருமுனைக் கோளாறுக்கும் (மிதமிஞ்சிய உற்சாகமும் மனச்சோர்வும் மாறி மாறி வரும் மனநோய்) தரப்படும் மருந்து. அதைக்கூட மருத்துவரைக் கேளாமல் நிறுத்தக் கூடாது.

மாத்திரையைத் திடீரென நிறுத்தினால் நோய் திரும்பக்கூடும். சிகிச்சையின்றி விடப்பட்ட மனச்சோர்வோ குறைப்பிரசவம், குழந்தையின் எடைக்குறைவு, பிரசவத்துக்குப் பிந்தைய மனச்சோர்வு ஆகியவற்றோடு தொடர்புடையது. வளரும் நாடுகளில் கர்ப்பிணிகளில் 15.6 விழுக்காட்டினரும் பிரசவித்தவர்களில் 19.8 விழுக்காட்டினரும் மனநலப் பாதிப்புக்கு ஆளாவதாக உலக சுகாதார நிறுவனம் கூறுகிறது. வீடே உறங்கும் நள்ளிரவில் கண் மூடாமல் சுவரைப் பார்த்திருக்கும் பெண்ணிடம், “மாசமா இருந்தா அப்படித்தான்” என்று சொல்லிக் கடப்பது பெருந்தவறு. மாத்திரை குறித்த ஐயத்தை மகப்பேறு மருத்துவரிடமும் மனநல மருத்துவரிடமும் கேளுங்கள். இந்தியாவில் 14416 என்ற டெலி மானஸ் (அரசின் தொலைபேசி வழி மனநலச் சேவை) எண்ணில் இலவச ஆலோசனை கிடைக்கும்.