நல்ல கள்வனும் சக்கேயுவும்

தவக்காலம் தொடங்கும் திருநீற்றுப் புதனிலிருந்து மதுரை கீழவாசல் தூய மரியன்னை பேராலயத்திலும், சுற்றுவட்டாரக் கிராமங்களின் சிற்றாலயங்களிலும் இயேசுவின் பாடுகளை நினைத்துச் செபிக்கும் சிலுவைப்பாதைக்கு வெள்ளிக்கிழமைதோறும் கூட்டம் சேர்கிறது. அதன் பதினான்கு நிலைகளிலும் முழந்தாளிடுகிறோம், கறியும் மீனும் விடுகிறோம், ஒறுத்துச் சேமித்ததைக் காணிக்கையாகப் போடுகிறோம். இவற்றில் எதையும் நான் குறைத்துச் சொல்ல வரவில்லை. ஆனால் இவ்வளவும் செய்தால் கடவுள் மன்னித்துத்தான் ஆக வேண்டும் என்ற கணக்கு நம்மில் பலருக்குள் ஓடுகிறது. நம்மால் நட்டப்பட்டவர் அடுத்த தெருவிலேயே இருந்தாலும் அவர் வீட்டுப் படியேற மட்டும் மனம் வருவதில்லை.

லூக்கா நற்செய்தியின் 19-ஆம் அதிகாரம் முதலில் நம் செயல், பிறகு கடவுளின் மன்னிப்பு என்ற இந்த வரிசையை அப்படியே மாற்றிப்போடுகிறது. எரிகோவின் சக்கேயு வரிதண்டுவோருக்குத் தலைவர். ஊராரைப் பிழிந்து செல்வரானவர் என்றே மக்கள் அவரைப் பார்த்தார்கள். காட்டு அத்தி மரத்தில் ஏறியிருந்த அவரை இயேசு பெயர் சொல்லி அழைத்து, இன்று உம் வீட்டில் தங்க வேண்டும் என்கிறார். முதலில் பணத்தைத் திருப்பிக் கொடு, பிறகு வருகிறேன் என்று ஒரு நிபந்தனையும் இல்லை. சக்கேயு வாய் திறப்பது அதற்குப் பிறகுதான்: சொத்தில் பாதி ஏழைகளுக்கு, ஏமாற்றி வாங்கியது நான்கு மடங்காகத் திரும்பும். மோசேயின் சட்டப்படி, தானாக முன்வந்து குற்றத்தை ஒப்புக்கொள்கிறவர் முழுத் தொகையோடு ஐந்தில் ஒரு பங்கு கூட்டிக் கொடுத்தால் போதும். நான்கு மடங்கு என்பது ஆட்டைத் திருடி அறுத்துவிட்டவனுக்கோ விற்றுவிட்டவனுக்கோ விதிக்கப்பட்டது. சக்கேயு தமக்குச் சலுகை எதுவும் கேட்காமல், திருடனுக்குரிய அளவிலேயே தம் கணக்கை முடிக்கிறார்.

மதுரைப் பக்கத்தில் கந்துவட்டியைப் பற்றி யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. 2003-இல் தமிழ்நாடு அரசு கொண்டுவந்த சட்டம் கந்துவட்டி, மீட்டர் வட்டி, தண்டல் என்று பெயர் சொல்லியே அதைத் தடை செய்கிறது, தொழில் நின்றபாடில்லை. வட்டிக்கு விடுகிறவர்களில் கிறிஸ்தவர்களும் உண்டு என்பதை நாம் மறைக்க வேண்டாம். அப்படிப்பட்ட ஒருவர் தவக்காலத்தில், பாவங்களைக் குருவிடம் அறிக்கையிடும் ஒப்புரவு அருட்சாதனத்துக்கு வரிசையில் நிற்கிறார், அழவும் செய்கிறார், குருவானவர் சொன்ன செபங்களைச் சொல்லிவிட்டு நிம்மதியாக வீடு திரும்புகிறார். கடன் வாங்கிய பூக்காரம்மாவின் அடகு நகையோ இந்த வட்டிக்காரரின் பீரோவிலேயே இருக்கிறது. பாவமன்னிப்பு பாவத்தைப் போக்கினாலும் அது விளைவித்த கேட்டையெல்லாம் சரிசெய்துவிடுவதில்லை என்றும், திருடியதைத் திருப்பித் தருவதும், அவதூறுக்கு ஆளானவரின் நற்பெயரை மீட்பதும் பாவம் செய்தவரின் கடமை என்றும் கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி நூல் 1459-ஆம் பத்தியில் தெளிவாகவே கூறுகிறது. நம் தவக்கால மறையுரைகளில் நோன்பைக் கேட்கும் அளவுக்கு இந்தப் பத்தியைக் கேட்க முடிவதில்லை என்பது என் ஆதங்கம்.

அப்படியானால் மன்னிப்புக்கும் விலை வைக்கிறாயா என்று கேட்கலாம். இல்லை. இயேசுவோடு சிலுவையில் தொங்கி, கடைசி நேரத்தில் மனம் மாறிய நல்ல கள்வன் யாருக்கும் எதையும் திருப்பிக் கொடுக்கவில்லை. கொடுக்கக் கையும் இல்லை, நேரமும் இல்லை. ஆனாலும் இன்றே பேரின்ப வீட்டில் என்னோடு இருப்பாய் என்ற வாக்கு அவருக்குக் கிடைத்தது. வட்டி கட்டியே ஓட்டாண்டியாகி, தான் பட்ட கடனை அடைக்க வழியில்லாமல் சாகக் கிடக்கிறவருக்கு அந்தக் கள்வன் போதும். வங்கியில் பணமும் உடம்பில் தெம்பும் உள்ளவர் அந்தக் கள்வனின் பின்னால் ஒளிந்துகொள்வதைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். நகையைத் திருப்பிக் கொடுக்கப் போகிறவர், ஏழு எழுபது முறை மன்னிக்க வேண்டும் என்று அந்த அம்மாவிடம் வசனம் காட்டக் கூடாது. அவர் மன்னிப்பதும் மன்னிக்காததும் அவருக்கும் கடவுளுக்கும் இடையே உள்ளது. நகையோடு கூடுதலாக வாங்கிய வட்டியையும் அவர் கையில் கொடுத்துவிட்டு, அவர் திட்டினால் கேட்டுக்கொண்டு வந்துவிட வேண்டியதுதான்.