நான் யாருக்கும் ஓட்டுக் கடன்காரி இல்ல

இது 2024. இங்க மிச்சிகன்ல ஞாயித்துக்கிழமை கொலுவுல நடந்தது அங்க இருந்தவங்களுக்குத் தெரியும், இல்லாதவங்களுக்கு ராத்திரியே வாட்ஸ்அப்ல போய்ச் சேர்ந்திருக்கும், நம்ம ஆளுங்க வேகம் எனக்குத் தெரியாதா. அதனால முழுக்கதையும் சொல்லப்போறதில்ல. என் கையில சுண்டல் தட்டு, பக்கத்துல என் பதினாறு வயசுப் பொண்ணு, அத்தனை பேர் முன்னாடி அந்த அக்கா சிரிச்சுக்கிட்டே கேக்குறாங்க: "இந்த வருஷமும் ஜில் ஸ்டெயின்தானா? 2016ல நீ போட்ட ஓட்டுலதான் இவளோட உரிமையே போச்சு, ஞாபகம் இருக்குல்ல?" யாரும் ஒண்ணும் சொல்லல. ஒருத்தர் மட்டும் "கொண்டக்கடலை நல்லா வெந்திருக்கு"ன்னார்.

அதாவது நான் ஹிலரிக்குப் போடாததால ட்ரம்ப் ஜெயிச்சார், அவர் போட்ட ஜட்ஜுங்க கருக்கலைப்பு உரிமைய எடுத்துட்டாங்கன்னு குத்தம். 2016ல கிரீன் கட்சி ஸ்டெயினுக்குப் போட்டத நான் மறைச்சதே இல்ல. இங்கயே எழுதினேன், வாங்கின திட்டும் இங்கயேதான் கிடக்கு. ஆனா எட்டு வருஷமா ஒவ்வொரு எலக்ஷனுக்கும் ஒரே பாட்டு. சுப்ரீம் கோர்ட், சுப்ரீம் கோர்ட். எங்களுக்குப் போடலேன்னா கோர்ட் போயிடும். பூச்சாண்டி வர்றான், வாயத் தொறன்னு குழந்தைக்கு ஊட்டுற மாதிரி. ஊட்டுறது என்னன்னு மட்டும் நாம கேக்கக்கூடாது.

நான் சொல்றது ஒண்ணே ஒண்ணுதான். என் ஓட்டு டெமாக்ரட் கட்சி என்கிட்ட குடுத்து வச்ச நகை இல்ல, அத நான் கொண்டுபோய் வேற எங்கயோ அடகு வச்சுட்டேன்னு கேக்குறதுக்கு. அது என்னோடது. வேணும்னா வந்து கேக்கணும்.

சரி, கோர்ட்டு பத்தியே பேசுவோம். அந்த வீட்டுக் கொலுவுல இந்த வருஷம் தீம் சாதனைப் பெண்கள். ஔவையார், வேலுநாச்சியார், கல்பனா சாவ்லா, அப்புறம் மூணாவது படியில கறுப்பு அங்கி, கழுத்துல வெள்ளை லேஸ் காலரோட சுப்ரீம் கோர்ட் ஜட்ஜா இருந்த ரூத் பேடர் கின்ஸ்பர்க் தலையாட்டி பொம்மை. பக்கத்துலயே நம்ம தஞ்சாவூர் தலையாட்டி. ரெண்டும் சேர்ந்து ஆடிட்டிருந்துச்சு. அதுக்கு முன்னாடி நிக்க வச்சுத்தான் கோர்ட்டு போனதுக்கு நான் காரணம்னு சொன்னாங்க.

அந்தப் பாட்டிம்மா மேல எனக்கும் மரியாதை உண்டு, கையெடுத்துக் கும்பிடுவேன். ஆனா 2013ல அவங்களுக்கு வயசு 80. ரெண்டு தடவை கேன்சர் வந்து மீண்டிருந்தாங்க. ஜட்ஜ பிரசிடென்ட் சொல்லணும், செனட் ஒத்துக்கணும்; அப்ப பிரசிடென்ட் ஒபாமா, செனட் டெமாக்ரட் கையில. ஒபாமாவே சாப்பிடக் கூப்பிட்டு ஜாடைமாடையா பேசிப் பாத்தார்னு அப்புறம் பேப்பர்ல வந்துச்சு. அவங்க விலகல. 2014ல செனட் கைமாறிப் போச்சு. 2020 செப்டம்பர் 18 அன்னிக்கு 87 வயசுல போய்ச் சேர்ந்தாங்க, அக்டோபர் 26க்குள்ள அந்த நாற்காலியில ட்ரம்ப் சொன்ன ஏமி கோனி பேரட்ட 52க்கு 48னு உக்கார வச்சுட்டாங்க, எலக்ஷனுக்கு எட்டே நாள் இருக்கும்போது. இதுக்கு யாரும் அந்தப் பொம்மைய படியிலேர்ந்து இறக்கல. இறக்க வேண்டாம், நானும் சொல்லல. அவங்க எடுத்த முடிவ மனுஷ முடிவா பாக்குறீங்க. நான் எடுத்தா மட்டும் துரோகம்.

2016 பிப்ரவரியில சுப்ரீம் கோர்ட் ஜட்ஜ் ஸ்காலியா செத்ததும் செனட்ல ரிபப்ளிகன் தலைவர் மிட்ச் மெக்கானல் என்ன பண்ணினார்? எலக்ஷன் வருஷம், மக்களே தீர்மானிக்கட்டும்னார். அந்த இடத்துக்கு ஒபாமா சொன்ன மெரிக் கார்லண்ட 293 நாள் வாசல்லயே நிக்க வச்சாங்க, ஒரு விசாரணை கூட நடத்தல. 2020ல அதே மனுஷன் கின்ஸ்பர்க் இறந்த அன்னிக்கு ராத்திரியே ஓட்டெடுப்பு உண்டுன்னு அறிக்கை விட்டார். அந்த 293 நாள் நானா செனட்ல உக்காந்திருந்தேன்? சுப்ரீம் கோர்ட்டுக்கு கிளாரன்ஸ் தாமஸ 1991ல 52க்கு 48னு உள்ள விட்ட செனட்ல டெமாக்ரட்தான் மெஜாரிட்டி, அதுல 11 பேர் அவருக்குக் கைதூக்கினவங்க. ஸ்காலியா 98க்கு பூஜ்யம். எதிர்த்து ஒரு கை கூட இல்ல.

இன்னொண்ணும் சொல்லிடறேன். 1973ல கருக்கலைப்ப உரிமைன்னு சொன்ன ரோ தீர்ப்புக்கு ஆதரவா நின்ன ஏழு ஜட்ஜுல அஞ்சு பேர் ரிபப்ளிகன் பிரசிடென்ட் போட்டவங்க. எதிர்த்த ரெண்டு பேர்ல ஒருத்தர் கென்னடி போட்டவர். அப்ப கோர்ட்டுன்னா கட்சி ஆபீஸ் இல்ல. கட்சி ஆபீஸா ஆகுற வரைக்கும் நாப்பது அம்பது வருஷம் வேடிக்கை பாத்துட்டு, 60 செனட் சீட் கைக்கு வந்த 2009லயே ரோவ சட்டமாக்குறது இப்ப அவசரம் இல்லன்னு சொல்லிட்டு, இப்ப இங்க மிச்சிகன் கான்டன்ல ஒரு வீட்டு ஹால்ல சுண்டல் சாப்பிடுறவள பிடிச்சு நீதான் காரணம்னா எப்படி?

உடனே கணக்கோட வருவீங்க, தெரியும். மிச்சிகன்ல ட்ரம்ப் ஜெயிச்ச வித்தியாசம் 10,704. ஸ்டெயின் வாங்கினது 51,463. கழிச்சுப் பாருன்னு சொல்வீங்க. சரி, கழிச்சாச்சு. லிபர்டேரியன் கட்சி கேரி ஜான்சன் வாங்கின ஒண்ணே முக்கால் லட்சத்தை யாரு கழிக்கிறது, அதுல பாதி பேர் ரிபப்ளிகன் பக்கம் போயிருப்பாங்களே? பூத் வரைக்கும் வந்து பிரசிடென்ட் கட்டத்தை வெறுமையா விட்டுட்டுப் போனவங்க மட்டும் 75 ஆயிரத்துக்கு மேல. அவங்க யாருக்கும் கொலுவுக்கு அழைப்பு வரல போல. பக்கத்து விஸ்கான்சின்ல ஹிலரி வேட்பாளர் ஆனதுக்கப்புறம் பிரச்சாரத்துக்கு ஒரு தடவை கூடக் கால் வைக்கல, அங்க 22,748ல தோத்தாங்க. கடைக்கே வராத ஆள், சரக்கு விக்கலேன்னு தெருவுல போறவங்களத் திட்டினா என்ன சொல்றது.

2000ல ஃப்ளோரிடாவச் சொல்வீங்க. டெமாக்ரட் அல் கோர புஷ் ஜெயிச்சது 537 ஓட்டுல, கிரீன் கட்சி நேடர் வாங்கினது 97,488. இருபத்து நாலு வருஷமா நேடர் பேரச் சொல்லிச் சொல்லி திட்டுறீங்க, மறு எண்ணிக்கைய 5க்கு 4னு நிறுத்தினது அதே சுப்ரீம் கோர்ட்தான்ங்கறது மட்டும் கதையில பின்னாடி போயிடுது.

எங்கப்பா ஞாபகம் வருது. 1989 சட்டமன்றத் தேர்தல், அண்ணா திமுக ரெண்டா உடைஞ்சு, திமுக, காங்கிரஸ்னு நாலு முனைப் போட்டி. அப்பா அஞ்சாவதா சுயேச்சையா நின்ன ஒரு ரிட்டையர்டு வாத்தியாருக்குப் போட்டார். அந்த வாத்தியாருக்கு டெபாசிட் போச்சு, அது போகும்னு அப்பாவுக்கும் தெரியும். டீக்கடையில "என்னண்ணே, ஓட்ட செல்லாததா ஆக்கிட்டீங்களே"ன்னு கிண்டல் பண்ணினாங்க. அப்பா டம்ளரக் கீழ வச்சுட்டு சொன்னது: "சீட்டுல ரெண்டு இடத்துல குத்தினாத்தான்டா செல்லாத ஓட்டு. இது செல்லுற ஓட்டு. ஜெயிக்கல, அவ்வளவுதான்." அவர யாரும் அதுக்காக துரோகின்னு சொல்லல. வீம்பு பிடிச்சவர்னு சொன்னாங்க, அது உண்மைதான், அம்மாவும் அதத்தான் சொல்வாங்க.

இங்க வந்து சிட்டிசன் ஆகி, கைய தூக்கி உறுதிமொழி எடுத்தது 2015ல. அடுத்த வருஷம் மார்ச்ல டெமாக்ரட் வேட்பாளரத் தேர்ந்தெடுக்குற பிரைமரியில, ஹிலரிய எதிர்த்த சாண்டர்ஸுக்குப் போட்டேன், மிச்சிகன்ல அவர் ஜெயிச்சார், அன்னிக்கு நான் வீட்டுல கேசரி கிண்டினேன். நவம்பர்ல எனக்குப் பிடிச்ச மாதிரி போட்டேன். எல்லா கருத்துக்கணிப்பும் ஹிலரின்னுதான் சொல்லிட்டிருந்துச்சுன்னு இங்க ஒரு வார்த்தை போட்டு தப்பிச்சுக்கலாம். போடல. அப்படி இல்லாட்டியும் போட்டிருப்பேன்னு நினைக்கிறேன்.

"உனக்கு வசதி இருக்கு, இன்சூரன்ஸ் இருக்கு, அதான் கொள்கை பேசுற, கஷ்டப்படுறது வேற யாரோ"ன்னு ஒருத்தர் இன்பாக்ஸ்ல எழுதியிருந்தார். இதுக்கு எங்கிட்ட நல்ல பதில் இல்ல. அடுத்ததுக்குப் போறேன்.

அடுத்தது, "நம்ம ஊருப் பொண்ணு." டெமாக்ரட் வேட்பாளர் கமலா ஹாரிஸோட தாத்தா ஊர் துளசேந்திரபுரம், எனக்கும் தெரியும். அந்தக் கோயில்ல அர்ச்சனை பண்ணினத டிவியில பாத்து நானும் ஃபோட்டோ ஷேர் பண்ணினேன், இல்லேன்னு சொல்லல. இட்லி பிடிக்கும்னு சொன்னா சந்தோஷமாத்தான் இருக்கு. அதுக்காக? இட்லிக்கு ஓட்டுன்னா எங்க தெருவுல இட்லிக்கடை வச்சிருந்த ஆயாவத்தான் நான் வெள்ளை மாளிகைக்கு அனுப்பணும். இந்த பிப்ரவரியில இதே மிச்சிகன் பிரைமரியில லட்சம் பேருக்கு மேல யாருக்கும் இல்லன்னு குத்திட்டு வந்தாங்களே, அது எதுக்குன்னு கட்சிக்குத் தெரியாதா? அரபு ஜனங்க நிறைய இருக்குற டியர்பார்ன் இங்கேர்ந்து இருபது நிமிஷம். காசா பத்தி நான் ஆரம்பிச்சா இந்தப் பதிவு முடியாது, விடுங்க.

"ரெண்டு கட்சி சிஸ்டம், எதார்த்தமா இரு"ன்னு சொல்றவங்களுக்கு: மெய்ன் மாநிலத்துல ஒண்ணு ரெண்டு மூணுன்னு வரிசை போட்டு ஓட்டுப் போடலாம், முதல் ஆள் தோத்தா ஓட்டு ரெண்டாவது ஆளுக்குப் போகும். யார் ஓட்டும் யார் ஓட்டையும் கெடுக்காது. இங்கயும் அத கொண்டுவாங்களேன். கொண்டுவர மாட்டீங்க, பூச்சாண்டி இல்லாம எப்படி ஊட்டுறது?

இப்ப சொல்லக்கூடாதுன்னு நினைச்சத சொல்லப்போறேன். 2012ல எனக்கு ரெண்டாவது தங்கல. பதினோராவது வாரம் ஸ்கேன்ல துடிப்பு இல்லன்னாங்க, அடுத்த நாளே டி அண்ட் சி பண்ணி அனுப்பிட்டாங்க. வீட்டுக்கு வந்து ரசம் சாதம் சாப்பிட்டுப் படுத்தேன். ஒரு வக்கீலயும் கேக்கல, ஒரு படிவத்துலயும் ஏன்னு எழுதச் சொல்லல. கருக்கலைப்புத் தடை இருக்குற டெக்சாஸ்ல கரு கலைஞ்சிட்டிருந்த பொண்ணுங்க காச்சல் வர்ற வரைக்கும் காத்திருந்த கதையெல்லாம் படிக்கும்போது எனக்குக் கை நடுங்கும். அந்த உரிமைன்னா என்னன்னு எனக்கு நீங்க சொல்லித்தரணுமா? அதுவும் என் பொண்ண பக்கத்துல வச்சுக்கிட்டு?

2022 ஜூன் 24 ரோ போனப்ப மிச்சிகன்ல 1931ல எழுதின தடைச்சட்டம் உயிரோட வந்துடுமோன்னு பயந்துட்டிருந்தோம். கருக்கலைப்பு உரிமைய மாநில அரசியல் சட்டத்துலயே எழுதக் கேட்ட ப்ரொபோசல் 3க்காக பட்டேல் கடை வாசல்ல வெயில்ல கிளிப்போர்டோட நின்னவ நான். மாநிலம் முழுக்க ஏழரை லட்சம் கையெழுத்து சேந்துச்சு. அதுல ஒரு கையெழுத்து கேட்டு அந்த அக்கா வீட்டுக்கும் போனேன். "மாமா எதுலயும் பேரு வரக்கூடாதுன்னு சொல்வாரும்மா, உனக்கே தெரியும்ல"ன்னு காபி குடுத்து அனுப்பினாங்க. காபி நல்லா இருந்துச்சு.

அந்தக் கையெழுத்தெல்லாம் குடுத்ததுக்கப்புறம் தேர்தல் போர்டுல ரெண்டுக்கு ரெண்டுன்னு முட்டி நின்னுச்சு. காரணம் என்ன தெரியுமா, மனுவுல வார்த்தைக்கு நடுவுல இடைவெளி சரியா இல்லையாம். மிச்சிகன் சுப்ரீம் கோர்ட்தான் 5க்கு 2னு உத்தரவு போட்டு அத பேலட்ல ஏத்துச்சு. நவம்பர்ல ஜெயிச்சோம். அந்த கோர்ட்டு ஜட்ஜுங்கள யாரும் வாஷிங்டன்ல நியமிக்கிறதில்ல, நாமதான் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்குறோம். கட்சி மாநாட்டுல நிறுத்துவாங்க, ஆனா பேலட்ல கட்சிப் பேர் இருக்காது, ஒரே குத்துல கட்சிக்குப் போட்டுட்டு வர்றவங்க அந்தப் பக்கம் திரும்பிக்கூடப் பாக்க மாட்டாங்க. இந்த வருஷமும் ரெண்டு சீட் இருக்கு. கோர்ட்டு கோர்ட்டுன்னு கத்துற உங்கள்ல எத்தனை பேருக்கு அந்த நாலு பேர் பேரு தெரியும்? கொலுவுலயே கேட்டிருப்பேன், தொண்டை அடைச்சுப் போச்சு.

கார்ல வரும்போது பொண்ணு ஒண்ணும் பேசல. ஃபோன்ல எதையோ பாத்துட்டே வந்தா. வீட்டு கராஜ்ல நிறுத்தினதும், "அம்மா, 40,759"ன்னா. கழிச்சுப் பாத்திருக்கா. நான் அவகிட்ட ஜான்சன், விஸ்கான்சின், கார்லண்ட் எல்லாம் சொன்னேன், மேல எழுதினதெல்லாம் அங்க சொன்னதுதான். கேட்டுட்டு, "ஓகே"ன்னு சொல்லிட்டு இறங்கிப் போயிட்டா. அந்தக் கழித்தல நான் ஏற்கனவே பண்ணலேன்னு நினைக்காதீங்க. கின்ஸ்பர்க் போன ராத்திரி பண்ணினேன். ரோ போன அன்னிக்கு ஆபீஸ் பாத்ரூம்ல நின்னு பண்ணினேன். 51 ஆயிரத்துல நான் ஒருத்திதான்னு சொல்லிக்கிட்டேன். அத நான் எனக்குள்ள சொல்லிக்கிறது வேற, நீங்க தட்டுல வச்சு நீட்டுறது வேற.

இந்த வருஷம் யாருக்குன்னு கேட்டு கமென்ட் போடாதீங்க. பேலட் ரெண்டு வாரமா டைனிங் டேபிள்ல கவரோட கிடக்கு, மேல ஊறுகாய் பாட்டில் இருக்கு. ஜட்ஜ் பக்கத்த மட்டும் நானும் பொண்ணும் நேத்து உக்காந்து படிச்சு நிரப்பிட்டோம். முதல் பக்கம் இன்னும் காலி.

அப்புறம், அந்த வீட்டுல என் எவர்சில்வர் தூக்கு ஒண்ணு நின்னுபோச்சு, மூடியில அம்மா பேரு வெட்டியிருக்கும். அந்தப் பக்கம் போறவங்க யாராவது வாங்கிட்டு வந்தா நல்லது, நான் போகல.