போத்தல் மீனுக்கு யார் தண்ணி ஊத்திற?

இரண்டு வருடத்துக்கு முன் மட்டக்களப்பில் கல்லடிப் பக்கம் வாவிக்கரையில் ஒரு மீன் நின்றது. உடம்பு கம்பி, செதில் எல்லாம் சோடாப் போத்தல், ஒவ்வொரு போத்தலுக்குள்ளும் ஒரு பத்துமணிப் பூச்செடி. வால் மட்டும் ஷொப்பிங் பேக்கை வெட்டிக் கட்டியது. பாடுமீன் ஊர், வேறென்ன செய்வார்கள்? திறந்த அன்று நானும் போய்ப் படம் எடுத்து இங்கேதான் போட்டேன். லைக் அள்ளியது. போனில் அதைக் காட்டியபோது பக்கத்து வீட்டுப் பெரியம்மா ஒன்றே ஒன்றுதான் கேட்டா: "இதுக்கு யார் மனே தண்ணி ஊத்திற?"

செய்தவர்களும் அதை யோசிக்கவில்லை போல. வறண்ட கச்சான் காற்று தொடங்கி மூன்றாம் கிழமை செடியெல்லாம் சருகு. மாரியில் அதே போத்தல்களில் மழைத்தண்ணீர் தேங்கி நுளம்புக் குடம்பி நெளிந்தது. டெங்கு நுளம்புக்கு முட்டையிலிருந்து பறக்க ஒரு கிழமை, பத்து நாள் போதும். நம் வளவில் ஒரு யோகட் கப் கிடந்தால் பிஎச்ஐ (பொதுச் சுகாதாரப் பரிசோதகர்) வந்து நிற்பார். கலைக்கு யார் வழக்குப் போடுவது?

எனக்குப் பொறுக்காதது அந்த வால்தான். போத்தலாவது வெயிலைக் கொஞ்சம் தாங்கும். பேக் தாங்காது. ஒருநாள் தொட்டுப் பார்த்தேன், பொரித்த அப்பளம் மாதிரிக் கையில் உதிர்ந்தது. காற்று அள்ளிக்கொண்டு போய் வாவியில் போட்டது. முழுப் பேக்காகக் கிடந்திருந்தால் யாராவது குனிந்து எடுத்திருக்கலாம். அந்தத் துகளை இனி மீன்தான் எடுக்கும்.

"அவ்வளவு குப்பையாவது குறைந்ததே" என்பார்கள். இல்லை. மீன் விழுங்கிய போத்தலை ஒரு கல்யாண வீடு ஒரே இரவில் நிரப்பிவிடும். அம்பாறை பள்ளக்காட்டுக் குப்பைமேட்டில் பிளாஸ்டிக் தின்று எட்டு வருடத்தில் சுமார் 20 யானைகள் செத்ததாக 2022இல் செய்தி வந்தது. அந்த மேட்டுக்கு முன் நம் மீன் என்ன, நெத்தலி. பிளாஸ்டிக் மாலையை 2023 ஒக்டோபரில் தடைசெய்தார்களே, அப்படி வாசலிலேயே நிறுத்தினால்தான் உண்டு.

அதற்காகச் செய்யவே வேண்டாம் என்று சொல்லவில்லை. நானே வீட்டில் செய்து பார்த்தேன். ஒன்றரை லீற்றர் போத்தலைக் கிடையாக வெட்டி, சூடாக்கிய கம்பியால் அடியில் துளை போட்டு, தும்பும் காய்ந்த சாணமும் வாவி மண்ணும் கலந்து பத்துப் போத்தல் வல்லாரை. வெயிலில் தொங்கிய ஆறும் செத்தன. கண்ணாடி மாதிரிப் போத்தல், வேருக்கு வெளிச்சமும் சூடும் ஆகாது. கிணற்றடி நிழலில் வைத்த நான்கும் இப்போது தரைக்கு இறங்கி ஓடுகின்றன. போத்தலைக் கழற்றி மீள்சுழற்சிக்குக் கொடுத்தாயிற்று.

பொது இடத்தில் வைப்பவர்களும் இதை யோசிக்கலாம். போத்தலில் கண்டல் கன்று வளர்த்துக் காட்சிக்கு வையுங்கள், சரி. வேர் பிடித்ததும் கன்று வாவிக்கரைக்குப் போகட்டும், போத்தல் மீள்சுழற்சிக்குப் போகட்டும். திறப்பு விழா அழைப்பிதழிலேயே கழற்றும் திகதியையும், தண்ணீர் ஊற்றுபவரின் பெயரையும் போடுங்கள். பிரதம அதிதி பெயர் கொஞ்சம் சின்னதாக வரட்டும்.

அந்த மீனின் கம்பிக்கூடு இன்னும் நிற்கிறது. யாரும் நடாத முடக்கொத்தான் அதில் ஏறி வயிறு வரைக்கும் மூடிவிட்டது. பெரியம்மா போன கிழமை இரண்டு கொத்து முறித்துக்கொண்டு வந்தா, இரசத்துக்கு.