டிரெயில் வண்டியா? முதலில் எடையைக் கேளுங்கள், அப்புறம் சிசியைக் கேளுங்கள்

"அண்ணா, 200 சிசி போதுமா? இல்ல இன்னும் கொஞ்சம் காசு சேர்த்து 450 எடுத்துடவா?" மண் பாதையில் ஓட்ட வண்டி தேடுகிற எல்லாரும் கேட்கிற கேள்வி இது. "பெருசாவே எடுத்துடு தம்பி, பின்னாடி மாத்தற வேலை மிச்சம்" என்பதுதான் பெரும்பாலும் கிடைக்கும் பதில். தேசிய நெடுஞ்சாலைக்கு அந்தப் பதில் சரி. ஜவ்வாது மலை ஓரம், கிருஷ்ணகிரிப் பக்கத்துப் பாறைக்காடு, வறண்ட ஏரிப் படுகை, செம்மண் வண்டித்தடம் என்று சுற்றப் போகிறவருக்கு அது தப்பான பதில். நம்பி வாங்குகிறவர்களில் நிறையப் பேர் ரெண்டு தடவை விழுந்ததும் மண்ணையே விட்டுவிட்டு டீக்கடை வரைக்கும் மட்டும் ஓட்டுகிறார்கள். அந்த வருத்தத்தில்தான் இதை எழுதுகிறேன்.

ஒரு கணக்கைப் பார்ப்போம். ஹீரோவின் எக்ஸ்பல்ஸ் 200 4வி: 199.6 சிசி, 19.1 பிஎஸ் (குதிரைத்திறன்), பெட்ரோலோடு சுமார் 158 கிலோ. ராயல் என்ஃபீல்டின் பழைய ஹிமாலயன்: 411 சிசி, 24.3 பிஎஸ், 199 கிலோ. ரெண்டிலும் 75 கிலோ ஆளை உட்கார வையுங்கள். முதல் வண்டியில் ஒரு பிஎஸ் சுமக்கிற எடை 12.2 கிலோ. இரண்டாவதில் 11.3 கிலோ. சிசி இரண்டு மடங்குக்கு மேல், கிடைக்கிற லாபமோ ஒரு கிலோவுக்கும் கீழே. கூடவே 41 கிலோ இரும்பு வந்து சேர்கிறது. 25 கிலோ அரிசி மூட்டை ஒன்றரையைப் பின்னால் கட்டிக்கொண்டு மலை ஏறுவது போல.

அந்த 41 கிலோ எங்கே வலிக்கும் என்பதைக் கிட்டே போய்ப் பார்க்கலாம். முப்பது மீட்டர் நீள ஏற்றம், உருண்டை உருண்டையாகச் சரளை, பாதியில் அரை முழங்கால் உயரத்துக்கு ஒரு பாறைப் படி. முதல் கியரில் வருகிறீர்கள். முன்சக்கரம் படியில் ஏறுகிறது, கை தானாக ஆக்சிலேட்டரைக் கொஞ்சம் மூடுகிறது. அடுத்த நொடி பின்சக்கரம் படியில் முட்டுகிறது. ஆர்பிஎம் (இன்ஜின் நிமிடத்துக்குச் சுற்றும் சுற்று) சட்டென்று விழுந்து இன்ஜின் ஆஃப். பழக்கத்தில் கிளட்சைப் பிடித்து முன் பிரேக்கை அழுத்துவீர்கள். ஏற்றத்தில் எடை முழுக்கப் பின்சக்கரத்தில் இருப்பதால், பூட்டிய முன்சக்கரம் சரளை மேல் வழுக்கிக்கொண்டு வண்டியோடு பின்னால் இறங்கும். காலை ஊன்றப் பார்த்தால் பள்ளப் பக்கம் தரை எட்டாது. விழுந்தாயிற்று. (இன்ஜின் நின்றதும் கிளட்சை விட்டுவிடுங்கள். கியரில் இருக்கும் இன்ஜினே பின்சக்கரத்தைப் பிடித்துக்கொள்ளும். இதைத் தெரிந்துகொண்டாலே பாதி விழுகைகள் குறையும்.) அந்தச் சரிவில் 158 கிலோவை ஒருவர் தூக்கிவிடலாம். 199 கிலோவை முதல் தடவை தூக்கலாம், இரண்டாவது தடவை இடுப்பு பேசும், மூன்றாவதுக்கு இன்னொரு ஆள் வேண்டும். ஒரு நாள் டிரெயிலில் புதியவர் ஐந்தாறு முறை வண்டியைக் கீழே போடுவது சாதாரணம்.

"பெரிய இன்ஜின்னா ஆஃப் ஆகாதே" என்பார்கள். சிசியை மட்டும் வைத்து அப்படிச் சொல்ல முடியாது. பழைய ஹிமாலயனின் 411 இன்ஜினில் போர் (சிலிண்டர் விட்டம்) 78 மிமீ, ஸ்ட்ரோக் (பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம்) 86 மிமீ. நீள ஸ்ட்ரோக், கனமான ஃப்ளைவீல் (இன்ஜின் சட்டென்று நிற்காமல் தாங்கும் சக்கரம்), 32 என்எம் டார்க் (திருகும் விசை) 4,500 ஆர்பிஎம்முக்குள்ளேயே வந்துவிடும். நடை வேகத்தில் டக்டக்கென்று ஏறும். இதைவிடப் பெரிய ஹிமாலயன் 450-இல் போர் 84, ஸ்ட்ரோக் 81.5. 40 என்எம் வருவது 5,500-இல். 3,000-க்குக் கீழே 411 போல இழுக்காது, கிளட்சோடு ஓட்டப் பழக வேண்டும். கேடிஎம்மின் பழைய 373 சிசி இன்ஜினில் போர் 89, ஸ்ட்ரோக் வெறும் 60. தார் ரோட்டில் பறக்கும். பாறைப் படியில் கவனம் பிசகினால் பொசுக்கென்று அணைந்துவிடும். ஆக, சிசி ஏற ஏற மெதுவான இழுவையும் ஏறும் என்பது உண்மையில்லை. கம்பெனித் தாளில் டார்க் எவ்வளவு என்பதோடு நிறுத்தாமல், எத்தனை ஆர்பிஎம்மில் என்பதையும் சேர்த்துப் படியுங்கள்.

இன்னொன்று, காய்ந்த சரளையில் டயருக்குப் பிடிமானம் ஓர் அளவுக்குத்தான். 19 பிஎஸ்ஸே முதல் கியரில் பின்சக்கரத்தைச் சுழலவிடப் போதும். அதுக்கு மேல் உள்ள பவர் கல்லைப் பின்னால் வருகிறவர் மேல் வாரி அடிக்கத்தான் பயன்படும்.

யூடியூபில் வெளிநாட்டு ஹார்ட் எண்டியூரோ (பாறையும் செங்குத்து மேடும் ஏறும் போட்டி) பார்த்துவிட்டு "அவங்க 300 ஓட்டறாங்களே" என்பவர்களுக்கு: அது டூ ஸ்ட்ரோக், எடை நூற்றுச் சொச்சம் கிலோ. நீண்ட தூரப் பந்தயமான டாக்கர் ராலியே 2011-இலிருந்து 450 சிசிக்கு மேல் அனுமதிப்பதில்லை, அந்த வண்டிகள் ஓடுவது பரந்த பாலைவனத்தில். நம் ஊர்ப் பெரியவர்கள் ஆர்எக்ஸ் 100-ஐ வைத்துக்கொண்டு ஏறாத மேடா? 98 சிசி, சுமார் 103 கிலோ. ஏற்றியது எடைக்குறைவு.

சரி, 200-க்கு என்ன குறை? சில வண்டிகளில் முதல் கியர் மண்ணுக்குக் கொஞ்சம் நீளம். செங்குத்து ஏற்றத்தில் நடை வேகத்தில் போக கிளட்சைப் பாதி பிடித்தே ஓட்ட நேரும். அங்கேதான் கிளட்ச் கருகுகிறது. பிளேட்டுகள் தேயத் தேய லீவரின் ஃப்ரீ பிளே (கிளட்ச் வேலை செய்யத் தொடங்கும் முன் லீவர் சும்மா ஆடும் அளவு) காணாமல் போகும். ஃப்ரீ பிளே இல்லையென்றால் நீங்கள் கையை விட்ட பிறகும் கிளட்ச் முழுதாகப் பிடிக்காது, இன்னும் வழுக்கும், இன்னும் சூடேறும். கருகல் வாடை வந்தால் உடனே நிறுத்தி ஆற விடுங்கள், ஃப்ரீ பிளே இல்லையென்றால் கேபிளைச் சற்றுத் தளர்த்துங்கள். ஈரக் கிளட்ச் (இன்ஜின் ஆயிலில் மூழ்கியிருப்பது) என்பதால் அந்தத் தூளெல்லாம் இன்ஜின் ஆயிலில்தான் கலக்கும். அன்றைக்கு ஓட்டம் முடிந்ததும் ஆயிலை மாற்றிவிடுவது நல்லது. டப்பாவில் ஜாசோ எம்ஏ2 (ஈரக் கிளட்ச் பைக்குகளுக்கான ஆயில் தரக்குறி) என்று இருக்க வேண்டும், கார் ஆயில் ஊற்றாதீர்கள்.

முதல் கியர் நீளத்துக்கு மருந்து பெரிய வண்டி இல்லை, ஸ்ப்ராக்கெட் (செயின் ஓடும் பல்சக்கரம்). முன்னால் 14 பல் இருந்தால் 13 போடுங்கள், பின்சக்கர இழுவை 7.7 சதவீதம் கூடும். பின்னால் 39-ஐ 42 ஆக்கினாலும் அதே கணக்குத்தான். முன் ஸ்ப்ராக்கெட் மலிவு, ஒரு மணி நேர வேலை. ஆனால் சிறிய வட்டத்தில் செயின் அதிகம் மடங்கித் தேயும், பின்சக்கரத்தைத் தாங்கும் ஸ்விங்ஆர்ம் மேலிருக்கும் ரப்பர் பட்டையையும் உரசும், அதை அடிக்கடி பாருங்கள். பின்னால் மூன்று பல் கூட்டினால் செயின் நீளம் பத்தாமல் போகலாம், வாங்கும்போதே நீள செயினாகக் கேளுங்கள். மாற்றிய பிறகு நெடுஞ்சாலையில் இன்ஜின் கூடுதலாகக் கத்தும்.

"நான் 95 கிலோ, 200 என்னைத் தாங்குமா?" இன்ஜின் தாங்கும், ஸ்ப்ரிங்தான் தாங்காது. அளந்து பாருங்கள். பின்சக்கரத்தைத் தரையிலிருந்து தூக்கி, ஆக்ஸிலுக்கும் அதற்கு நேர் மேலே வால் பகுதியில் ஒட்டிய டேப்புக்கும் உள்ள தூரத்தைக் குறியுங்கள். ஹெல்மெட், ஷூ எல்லாம் போட்டு உட்கார்ந்து மறுபடி அளக்கச் சொல்லுங்கள். வித்தியாசம் மொத்த டிராவலில் (சஸ்பென்ஷன் ஏறி இறங்கும் தூரத்தில்) மூன்றில் ஒரு பங்குக்குள் இருக்க வேண்டும். எக்ஸ்பல்ஸில் பின்னால் 170 மிமீ, அப்படியென்றால் 55 மிமீ சுற்றி. 75, 80 என்று வந்தால் பின்பக்கம் தொங்குகிறது, ஏற்றத்தில் முன்சக்கரம் லேசாகி எங்கோ போகும், கீழே பேஷ் பிளேட் (இன்ஜினுக்கு அடியில் உள்ள காப்புத் தகடு) கல்லில் இடிக்கும். முதலில் பிரீலோடு (ஸ்ப்ரிங்கை முன்கூட்டியே இறுக்கும் அளவு) ஏற்றுங்கள், போதவில்லையென்றால் கடின ஸ்ப்ரிங். இந்தச் செலவு 450-க்கும் 200-க்கும் உள்ள விலை வித்தியாசத்தில் சிறு துண்டு. மீதிக் காசில் பட்டன் டயர், ஹேண்ட் கார்டு, முட்டிக் கார்டு, கணுக்காலை மூடும் பூட்ஸ் எல்லாம் வந்துவிடும்.

பெரிய இன்ஜின் யாருக்கு? சென்னையிலிருந்து ஏறக்குறைய 200 கிலோமீட்டர் தார் ரோட்டில் போய், மூன்று மணி நேரம் மண்ணில் ஓட்டி, அன்றே திரும்புகிறவருக்கு 200 கொடுமை. 90-க்கு மேல் அதைப் பிழிந்துகொண்டே வந்தால் மாலையில் கை மரத்துப்போகும். பின்னால் ஆள் ஏற்றுகிறவர், பெட்டி கட்டி லடாக் போகிறவர் யோசிக்காமல் 400-க்கு மேல் போங்கள். கர்துங் லா 5,359 மீட்டர், அங்கே காற்று பாதிக்குச் சற்று மேல்தான். ஃப்யூயல் இன்ஜெக்‌ஷன் பெட்ரோலைச் சரிசெய்யும், இல்லாத ஆக்சிஜனைக் கொண்டுவராது. 19 பிஎஸ் அங்கே பத்துச் சொச்சம், 40 பிஎஸ் இருபதுச் சொச்சம். மூட்டை முடிச்சோடு அந்த வித்தியாசம் பெரிது. லாரியிலோ பிக்கப்பிலோ வண்டியை ஏற்றிக்கொண்டு போகிறவர்கள், மண்ணுக்குப் பக்கத்திலேயே குடியிருப்பவர்களுக்கு இந்தக் கணக்கு தலைகீழ். அவர்களுக்குக் கவாசாகியின் 139 கிலோ கேஎல்எக்ஸ் 230 போன்றது இன்னும் இனிமை. டேங்க் 7.6 லிட்டர்தான், பெட்ரோலை எண்ணிக்கொண்டு போக வேண்டும்.

எந்த வண்டியாக இருந்தாலும் வாங்கும் முன் ஓட்டிப் பார்த்தால் மட்டும் போதாது. நண்பர் வண்டியைப் புல் தரையில் மெதுவாகச் சாய்த்துப் படுக்க வையுங்கள், இன்ஜின் ஆஃப், கியரில் போட்டு. ஹேண்டிலைத் தரைப் பக்கம் முழுக்கத் திருப்பி, சீட்டுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து, ஒரு கை ஹேண்டிலிலும் மறு கை பின்பக்கச் சட்டத்திலும் பிடித்துக் காலால் உந்திப் பின்னோக்கி நடந்து தூக்குங்கள். வலப்பக்கம் சாய்ந்திருந்தால் முதலில் சைடு ஸ்டாண்டைப் போட்டுக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் அந்தப் பக்கம் போய் விழும். இடைவெளி விடாமல் மூன்று தடவை. மூன்றாவது முறை மூச்சு வாங்கிக்கொண்டாவது தூக்க முடிந்தால் அந்த எடை உங்களுக்கு ஆகும். உயரத்தையும் பாருங்கள். எக்ஸ்பல்ஸ் சீட் சுமார் 825 மிமீ, உயரம் கூடிய ப்ரோ மாடலில் 891. ஐந்தரை அடிக்காரர் சரிவில் கால் ஊன்றவே முடியாது, ஆசைப்பட்டு உயர்த்தாதீர்கள்.

அப்புறம், காப்புக்காட்டுக்குள் அனுமதியின்றி வண்டி விடுவது குற்றம். அதை மீறுகிற ஒவ்வொருவராலும் மற்றவர்களுக்குத் திறந்திருக்கும் பாதையும் மூடப்படுகிறது. முறையாகப் பழக வேண்டுமென்றால் கர்நாடகத்தின் கோலார் பக்கம் டாக்கர் ராலி வீரர் சி.எஸ். சந்தோஷ் தொடங்கிய பிக் ராக் போன்ற மண் மைதானங்கள் இருக்கின்றன.

செகண்ட் ஹேண்டில் 200 தேடுகிறவர்களுக்கு. ஐந்தாவது கியரில் 40-இல் போய் ஆக்சிலேட்டரை முழுக்கத் திருகுங்கள். ஆர்பிஎம் எகிறி வேகம் கூடவில்லையென்றால் கிளட்ச் முடிந்தது, அதை விலையில் கழியுங்கள். முன்சக்கரத்தைத் தூக்கிச் சுழற்றி ரிம் ஆடுகிறதா பாருங்கள், ஃபோர்க் குழாயில் விரலைத் தடவி ஆயில் ஒட்டுகிறதா பாருங்கள். ஹேண்டிலை இடவலமாகத் திருப்பும்போது நடுவில் ‘டக்’கென்று பிடித்தால் ஸ்டியரிங் பேரிங் போயிருக்கிறது. கடைசியாக ஏர் ஃபில்டரைக் கழற்றச் சொல்லுங்கள். பெட்டிக்குள் சேற்றுக் கோடு தெரிந்தால் வண்டி ஆற்றில் மூழ்கி எழுந்தது, அதைத் தொடாமல் வந்துவிடுங்கள்.