பதினாறுக்கு அப்புறம் யாரும் கேட்பதில்லை

துஷ்டி வீட்டை, அதாவது சாவு விழுந்த வீட்டை, எங்கள் திருநெல்வேலிப் பக்கம் தாங்கிப் பிடிப்பதில் எனக்குப் பெருமை உண்டு. பேச்சுவார்த்தை முறிந்த பங்காளிகூட வந்து முன்னால் நிற்பான். சோறு பக்கத்து வீட்டிலிருந்து வந்துவிடும். ஆனால் பதினாறாம் நாள் விசேஷம் முடிந்ததோ இல்லையோ, அதற்குப் பிறகு அழுதால் "இன்னுமா அதையே நினைச்சிட்டு இருக்கே?" என்பார்கள். உலக சுகாதார நிறுவனத்தின் இப்போதைய நோய்ப் பட்டியலில் நீடித்த துக்கமும் ஒரு கோளாறாகச் சேர்ந்திருக்கிறது. அதிலேயே, ஆறு மாதம் கடந்தும் ஆளை முடக்கிப் போட்டால்தான் கோளாறு என்கிறார்கள். நாம் கொடுப்பது பதினாறு நாள்!

அந்தப் பதினாறு நாள்கூடக் கிடைக்காத சாவு ஒன்று உண்டு. என் தம்பி தற்கொலை செய்துகொண்டான். வெளியே நெஞ்சுவலி என்று சொன்னோம். பெரியவர்கள் கூடி எடுத்த முடிவு. துக்கம் கேட்க வந்தவர்கள் சும்மா இருப்பார்களா? எந்த ஆஸ்பத்திரி, எத்தனை மணிக்கு, முன்னாடியே வலி இருந்ததா என்று ஒவ்வொருவராகக் கேட்க, அம்மா ஒவ்வொன்றுக்கும் பதில் ஜோடிக்க வேண்டியிருந்தது. நேற்றுச் சொன்னதும் இன்று சொன்னதும் ஒத்துப்போகிறதா என்று என்னைத் தனியே கூப்பிட்டுக் கேட்பாள். மகனை நினைத்து அழுவதற்கு அவளுக்கு நேரமே கிடைக்கவில்லை. செய்தித்தாளில் "தீராத வயிற்றுவலியால் அவதிப்பட்டு வந்தார்" என்று வாசிக்கும்போதெல்லாம், இதேபோல் பதில் ஜோடிக்கும் இன்னொரு அம்மாவை நினைத்துக்கொள்வேன்.

தற்கொலைக்கு முயன்று உயிர் பிழைத்தவர்களின் வீட்டில் கேஸ் ஆகிவிடும் என்ற பயமும் சேர்ந்துகொள்கிறது. மனநலப் பராமரிப்புச் சட்டம் 2017, அப்படி முயன்றவரைக் கடும் மன அழுத்தத்தில் இருந்தவராகவே கருதச் சொல்கிறது, தண்டிக்கச் சொல்லவில்லை. அவருக்குச் சிகிச்சையும் மறுவாழ்வும் தரவேண்டியது அரசின் கடமை. இது எத்தனை வீட்டுக்குத் தெரியும்?

அக்டோபர் 10 மனநல நாளுக்கு பேனர் கட்டுவதை நான் குறை சொல்லவில்லை. ஆனால் பேனரைப் பார்த்து வாய் திறந்த ஒருவரையும் நான் கண்டதில்லை. மகனை இதேபோல் பறிகொடுத்த ஒருவர் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து, என் தம்பி எப்படிப் போனான் என்ற உண்மையை முதல்முதலாகச் சொன்னேன். அவர் ஒன்றும் பேசவில்லை. பக்கத்தில் இருந்த கடைக்கார அண்ணாச்சிதான் என்னை வாசலுக்குக் கூட்டிக்கொண்டு வந்து, "நானும் மாத்திரை சாப்பிடுதேன் தம்பி. சுகருக்குன்னு சொல்லிட்டு ஐகிரவுண்டு பெரியாஸ்பத்திரிக்குப் போயிட்டு வாரேன்" என்றார். வீட்டில் மதினிக்கே தெரியாதாம். சுகர் இல்லாத மனுஷன், ஊருக்காகச் சீனி போடாத காப்பி குடித்துக்கொண்டிருக்கிறார்!

மனசு சரியில்லை என்று புளியம்பட்டி அந்தோணியார் கோயிலுக்கோ குலதெய்வத்துக்கோ போகாதே என்று நான் யாருக்கும் சொல்வதில்லை. போங்கள், மாத்திரையையும் கையோடு கொண்டுபோங்கள். "கோட்டி பிடிச்சிருக்கு" என்று பேசும் வாயை மட்டும் கொஞ்சம் மூடி வையுங்கள்.

ஒன்று மட்டும். கதை சொல்லச் சொல்லி யாரையும் நெருக்கக் கூடாது. என் வீட்டுக் கதையை நான் சொல்லலாம். அண்ணாச்சி யார் என்று நான் சொல்ல மாட்டேன். எப்படிச் செத்தான் என்று விவரம் கேட்பவர்களுக்கும் பதில் கிடையாது. அது யாருக்கும் உதவாது. இதைப் படிப்பவர் இப்போதே தவித்துக்கொண்டிருந்தால் 14416க்குக் கூப்பிடுங்கள். அரசின் டெலி மானஸ் எண், இலவசம், ராத்திரியிலும் எடுப்பார்கள், தமிழிலேயே பேசலாம்.

இதைப் போடாதே என்று சித்தப்பா சொன்னார். அக்கா மகளுக்கு மாப்பிள்ளை பார்க்கிறோம், வரப்போகிற வீட்டார் படித்துவிட்டால் என்ன செய்வது என்பது அவர் கவலை. சரி, அவளிடமே கேட்டுவிடலாம் என்று முழுவதையும் வாசிக்கக் கொடுத்தேன். "போடுங்க மாமா. படிச்சிட்டு வேண்டாம்னு போறவங்க இப்பவே போகட்டும்" என்றாள்.